ஆறு டயருக்கும் நன்றி

மலேசியாவில் எங்கள் பக்கத்தில் நன்றியுரையை யாரும் கேட்பதில்லை. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியாகட்டும், கோயில் திருவிழாவாகட்டும், தேர்தல் கூட்டமாகட்டும், நிகழ்ச்சி நிரலில் கடைசி வரி அதுதான். 'அடுத்ததாக நன்றியுரை' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பாதிக் கூட்டம் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடும். மீதிப் பாதி, போனவர்கள் இறைச்சியை மிச்சம் வைப்பார்களா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். பதினைந்து வருடமாக ஈப்போவிலும் செமோரிலும் நிகழ்ச்சி நடத்த மைக் பிடித்தவன் நான். எனக்குத் தெரியாதா? மேடையில் தன்னை ஏற்றவில்லையே என்று யாராவது மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டால், அவருக்கு நன்றியுரையைக் கொடுத்து வாயை அடைப்போம். அக்காவுக்குக் கொடுத்ததும் அப்படித்தான். கொடுத்தவன் நான். அதற்காக என்னை இன்றைக்கும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாகத் திட்டட்டும்.

அக்கா, ஊருக்கே அக்கா, பெக்டரி பஸ் ஓட்டினார். விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் தொழிற்சாலை வாசலில் இறக்குவதும், ஷிஃப்ட் முடிந்தவர்களை வீட்டில் கொண்டுவந்து விடுவதும் அவருடைய வேலை. பஸ் அவருடைய சொந்தப் பஸ். குட்டையான ஆள்; கால் எட்டுவதற்கு இரண்டு மெத்தை போட்டு உட்காருவார். தொழிற்சாலையில் கொடுத்த பழைய டி-சட்டையும் ஆண்கள் போடும் கால்சட்டையும்தான் உடுப்பு. குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. ஹாரன் கெட்டுப்போன ஒரு மாதம், சன்னல் வழியாகக் கத்தியே ஓட்டினார் என்று சொல்வார்கள். நானே கேட்டிருக்கிறேன்.

நாங்கள் இருந்தது செமோருக்கு வெளியே. முன்பு ரப்பர் தோட்டம். தோட்டத்தை விற்ற பிறகு லயத்தில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு என்று முப்பத்தாறு வீடு ஒதுக்கினார்கள். அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்பு மலை. மலையின் அந்தப் பக்கத்தில் கல்லுடைக்கும் கம்பெனி. அவர்கள் வெடி வைத்தால் எங்கள் வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்கள் குலுங்கும். அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு விரிசல், விரலை உள்ளே விடலாம். அந்தப் பக்கம் உடைக்கும்போதே இப்படி. இந்தப் பக்கமும் உடைக்க வந்தால் வீடு நிற்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்காவின் முதல் நன்றியுரை கோயில் திருவிழாவில். நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தேன், 'பொருளாலும் உழைப்பாலும் உதவிய நல்லுள்ளங்களுக்கு' என்று. அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"பந்தல் போட்டுக் குடுத்த ஹார்ட்வேர் கடை தவுக்கேக்கு நன்றி. அவரு கடைக்கு முன்னாடி லோரி நிறுத்த எடம் கேட்டு கவுன்சிலர்கிட்ட நடந்துக்கிட்டு இருக்காரு. கெடைக்கட்டும் லா. ஐஸ் தண்ணி குடுத்த கான்ட்ராக்டருக்கு நன்றி. நம்ப ரோட்டுல தாரு போடற வேல தனக்கு வரணும்னு கேட்டுருக்காரு. போன வாட்டி போட்டது ஒரு மழைக்கே போயிருச்சு. இந்த வாட்டியாச்சும் கெட்டியா போடட்டும்."

சாப்பாட்டு வரிசை அப்படியே நின்றுவிட்டது. தட்டோடு திரும்பிப் பார்த்தார்கள். முதலில் ஒரு பொம்பளை சிரித்தார், பிறகு பந்தலே சிரித்தது. கான்ட்ராக்டரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரு குடுத்தாங்கன்னு சொன்னா போதாதா அக்கா? ஏன் குடுத்தாங்கன்னு உங்கள யாரு கேட்டா?"

"பாதி நன்றி சொல்லச் சொல்றியா தம்பி? அவங்க மனசுல ஒண்ண நெனச்சிக்கிட்டு குடுக்கிறாங்க. அதையும் சேத்துச் சொன்னாத்தானே முழுசா சொன்ன மாதிரி?"

கிண்டல் செய்கிறாரா, உண்மையாகத்தான் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தெரிந்ததில்லை.

பஸ்ஸிலும் அதே கதைதான். ஒரு பெண் பிசாங் கோரேங் வாங்கி வந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வார். வேண்டாம் என்று சொல்கிற பழக்கமே கிடையாது. வாயில் போட்டுக்கொண்டு, பின்பக்கம் திரும்பாமலே கத்துவார்: "மூணாவது சீட்டு பொண்ணு பலகாரம் குடுத்துருக்கு. நாளைக்கு ரெண்டு நிமிஷம் லேட்டா வருமாம், பஸ்ஸு நிக்கணுமாம். நன்றிம்மா!" பஸ் முழுக்கச் சிரிப்பு. மறுநாள் அரை நிமிடம்கூட நிற்க மாட்டார். அந்தப் பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறி, மூச்சு வாங்க, "தின்னீங்களே அக்கா!" என்று அழாத குறையாகக் கேட்கும்.

"தின்னேன். நன்றியும் சொன்னேன். அதோட முடிஞ்சது."

நானும் மாட்டியிருக்கிறேன். என் கொழுந்தியாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பின்சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும். முன்சீட்டு கிடைக்கட்டும் என்று தீபாவளிக்கு அக்காவுக்கு ஒரு டின் முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, சும்மா தலையைச் சொறிந்தேன். மறுநாள் பஸ்ஸில் அறிவிப்பு: "நம்ப மைக்கு தம்பி முறுக்கு குடுத்தாரு. அவரு கொழுந்தியாளுக்கு முன்சீட்டு வேணுமாம், வாந்தி வருமாம்!" கொழுந்தியாள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. முன்சீட்டை அக்கா கொடுத்தார்தான். ஆனால் குமட்டுகிறவர்களுக்கு எல்லாம் முன்சீட்டு என்று பொதுவாக அறிவித்துவிட்டு, வேறு இரண்டு பெண்களோடு சேர்த்துக் கொடுத்தார். முறுக்குக்கு மரியாதையே இல்லாமல் போனது. சே, என்ன பொம்பளை இவர் என்று நான் வயிறெரிந்தேன்.

ஒரு நாள் புந்தோங்கில் பஸ்ஸைப் பழுதுபார்க்க விட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த வழியாக வந்தவன் நானும் உட்கார்ந்தேன். அன்றைக்கு என்ன தோன்றியதோ, கேட்காமலே சொன்னார்.

"நம்ப ஆளுங்களுக்கு ஒரு வியாதி இருக்கு தம்பி. ஒருத்தன் கையால ஒரு பொட்டலம் சோறு வாங்கித் தின்னுட்டா, அப்புறம் அவன் மூஞ்சியப் பாத்து 'மாட்டேன்'னு சொல்ல வராது. நாக்கு ஒட்டிக்கும். அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் குடுக்கிறான். எங்கப்பா தோட்டத்துல வேல வாங்குற மண்டோருக்குக் கோழி குடுத்தே தேஞ்சாரு. இப்ப அப்படியே திரும்பிருச்சு, மேல உள்ளவன் நமக்குக் கோழி குடுக்கிறான். எதுக்கு? ஓட்டுக்கு. கையெழுத்துக்கு. இந்த நன்றிய மனசுக்குள்ள வெச்சிருந்தா அது நம்பள திங்கும். வாயத் தொறந்து எல்லார் முன்னாடியும் சொல்லி எறக்கிப் போட்டுரணும். அப்புறம் நம்ப கை நம்ப கையிதான்."

நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். மேடைக்காரனுக்குத் தலையாட்டுவது ஒரு வேலை.

தேர்தல் வந்தது. சட்டமன்ற உறுப்பினரை எங்கள் ஊரில் ஒய்.பி. என்போம். ஒய்.பி.க்கு மறுபடியும் போட்டி. எங்கள் வீடுகளுக்கு நடுவிலிருந்த திடலில் மத்தியான விருந்தோடு கூட்டம். கூடாரம், பெரிய விசிறிகள், எல்லோருக்கும் டி-சட்டை, கடாய் கடாயாகப் பிரியாணி. குடியிருப்போர் சங்கத் தலைவர்தான் கட்சிக் கிளைக்கும் தலைவர், ஏற்பாடெல்லாம் அவர். என் கையில் கொடுத்த தாளில் 'நலம் விரும்பிகளின் ஆதரவோடு' என்று இருந்தது. நானும் ஏற்ற இறக்கத்தோடு அதைப் படித்தேன். கடைசியில் அக்கா வந்தார்.

"நலம் விரும்பிகள்னு தம்பி அழகா சொன்னாரு. அவங்க யாருன்னு தேடிப் பாத்தேன். பிரியாணி ஏத்திட்டு வந்த வண்டில கல்லுடைக்கிற கம்பெனி பேரு இருக்கு. ஒய்.பி. ஏறி வந்த காடியும் அவங்களோடது. ஓட்டிட்டு வந்தவரு முன்ன நம்ப பஸ்ஸுல வந்தவருதான், கேட்டேன், சொன்னாரு. கம்பெனிக்கு மலையோட இந்தப் பக்கமும் வேணுமாம். காடி குடுத்த கம்பெனிக்கு நன்றி. ஏறி வந்த ஒய்.பி.க்கும் நன்றி. பிரியாணில உப்பு கொஞ்சம் கம்மி, மத்தபடி நல்லா இருக்கு."

ஒய்.பி. கைதட்டினார், பாவம். அந்த இடத்தில் வேறென்ன செய்ய முடியும்? இந்தப் பேச்சால் அவர் தோற்றுப்போனார் என்று நினைக்க வேண்டாம். நன்றாகவே ஜெயித்தார். தலைவர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி அந்தப் பொம்பளை கையில் மைக் போனால் உன் கையில் மைக் இருக்காது என்றார். சரி தலைவரே என்றேன்.

ஜெயித்த பிறகுதான் கம்பெனி நேரடியாக வந்தது. மலையின் இந்தப் பக்கத்துக்கு அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். 'எங்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்று குடியிருப்போர் சங்கம் ஒரு கடிதம் கொடுத்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒய்.பி. மேலே பேசுவார். 'மக்களே கேட்கிறார்கள்' என்பார். இதுதான் ஏற்பாடு. கடிதத்தைப் பற்றி முதலில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு ரைஸ் குக்கர் வந்தது. பிறகு ஒரு நிற்கும் விசிறி. பெருநாளுக்குக் கூடை கூடையாகப் பிஸ்கட்டும் பானமும். தலைவர் வீட்டுச் சுவர் முழுக்க ஒரு டிவி. எனக்கு, சக்கரம் வைத்த புது ஒலிபெருக்கி செட், கம்பியில்லாத இரண்டு மைக்கோடு. நான் வாங்கிக்கொண்டேன். என் பழைய செட் மழையில் நனைந்து கரகரத்துக்கொண்டிருந்தது, எனக்கு அதுதான் சோறு. இப்படிச் சொன்னால் நியாயம் ஆகிவிடாது என்று எனக்கும் தெரியும்.

அக்காவின் பஸ்ஸில் ஆறு டயரும் மொட்டை. வண்டிச் சோதனைக்கு இன்னும் இரண்டு வாரம். அதில் தேறாவிட்டால் தொழிற்சாலை வேறு பஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும். கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி, நம் தமிழர்தான், மடிப்புக் கலையாத சட்டைக்காரர், என்னிடம் வந்தார்.

"டயர் ஆறையும் மாத்திக் குடுத்துடுறோம். நீங்க சொன்னா கேப்பாங்க."

"பதிலுக்கு என்ன சார்?"

"ஒண்ணும் இல்ல. நன்றியுரைல கொஞ்சம் அளவா பேசச் சொல்லுங்க. அவ்ளோதான்."

போய்ச் சொன்னேன். தூது போனவன் நானேதான். அக்கா ஒரு டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"என்ன கேக்கிறாங்க?"

"ஒண்ணும் கேக்கல அக்கா."

"ஒண்ணும் கேக்காமலா ஆறு டயரு?"

"அளவா பேசச் சொன்னாங்க."

"அப்படிச் சொல்லு. சரி, போடச் சொல்லு."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது எரிச்சலாகவும் இருந்தது, இவரும் இவ்வளவுதானா என்று. புது டயரோடு பஸ் வந்த அன்று எங்கள் வரிசையில் ஒரே பேச்சு. அக்கா வாயையும் அடைத்துவிட்டார்கள், இனி யார் கேட்பது என்று ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்கினார்கள். அக்கா பஸ்ஸைக் கழுவிவிட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாசலிலேயே நிறுத்தினார்.

தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கக் கூட்டம், விருந்து, கடிதத்துக்கு ஒப்புதல். "அவ வாயாலயே கம்பெனிக்கு நன்றி சொல்லட்டும்யா. அதுக்கப்புறம் எவன் கை தூக்கி எதிர்ப்பான்?" என்றார். அதோடு விட்டாரா? எல்லோர் மனசும் இளகி இருக்கட்டும் என்று நன்றியுரையை ஒப்புதலுக்கு முன்னால் வைத்தார். சாப்பாட்டையும் மேசைக்கே பரிமாறச் சொல்லிவிட்டார். என் பதினைந்து வருட மேடையில் முதன்முறையாக, நன்றியுரையின்போது எழுந்து போக ஒரு வரிசை இல்லை. எல்லோரும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா மைக்கை வாங்கினார்.

"அளவா பேசச் சொல்லிருக்காங்க, அளவாவே பேசறேன். வீட்டுக்கு வீடு ரைஸ் குக்கரு குடுத்த கம்பெனிக்கு நன்றி. விசிறிக்கு நன்றி. பிஸ்கட்டுக்கு நன்றி. தலைவர் வீட்டு டிவிக்கு நன்றி, நல்ல பெரிய டிவி, ரோட்டுல நின்னே படம் பாக்கலாம். இந்த மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நன்றி, சத்தம் தெளிவா இருக்கு. தேர்தலுக்குக் காடி குடுத்து, பிரியாணி குடுத்து, டி-சட்டை குடுத்து ஒய்.பி.ய ஜெயிக்க வெச்சதுக்கு நன்றி."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூடாரத்தின் கூரையைப் பார்த்தேன்.

"கடைசியா, என் பஸ்ஸுக்கு ஆறு டயரு. ஆறு டயருக்கும் நன்றி. எதுக்குக் குடுத்தாங்கன்னா, நான் இங்க நின்னு இதெல்லாம் பேசாம இருக்கறதுக்கு. அந்தச் சேதியக் கொண்டாந்து சொன்னது நம்ப மைக்கு தம்பி. தம்பிக்கும் நன்றி."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. என் மனைவி எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நிமிடம் அக்காவை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

"நன்றி சொல்லியாச்சு, பாக்கி ஒண்ணும் இல்ல. இனி நம்ப யாரும் யாருக்கும் ஒண்ணும் குடுக்க வேணாம். அந்த மலை எறங்குனா நம்ப வீடும் எறங்கும். அதுக்குச் சரிங்கறவங்க கையத் தூக்குங்க. வேணாங்கறவங்களும் தூக்குங்க. பாத்துக்குவோம்."

சரி என்று ஐந்து கை எழுந்தது, தலைவரையும் சேர்த்து. வேண்டாம் என்று ஒன்பது கை. மற்றவர்கள் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எதற்கும் தூக்கவில்லை. மைக்கை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன், அதுவே எனக்குச் சாக்காகப் போனது. தலைவர் என் காதில் ஒன்று சொன்னார். நானும் அதை என் நல்ல குரலில் அறிவித்தேன்: "கை தூக்காத அனைவரும் சம்மதம் தெரிவித்ததாக எடுத்துக்கொள்ளப்படுகிறது." அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதிகாரி அக்காவின் மேசைக்கு வந்தார். "டயர வாங்கிக்கிட்டு இப்படி ஏமாத்தலாமாம்மா?"

"ஏமாத்தினேனா? இவ்ளோ பேரு முன்னாடி நன்றி சொன்னேனே சார், கேக்கலியா? தம்பி, மைக்க இங்க குடு, சாருக்கு இன்னொரு வாட்டி சொல்லணுமாம்."

அவர் முகம் சிவந்தது. அக்கா பையிலிருந்து பஸ் சாவியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "மனசு வரலன்னா கழட்டிட்டுப் போங்க. பஸ்ஸு வாசல்லதான் நிக்குது." அவர் சாவியைத் தொடாமல் போய்விட்டார். அக்கா இரண்டாம் முறை இறைச்சி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்று மாலைக்குள் யாரோ எடுத்த வீடியோ செமோர் முழுக்க, ஈப்போ முழுக்கப் போனது. கம்பெனி முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியிருக்க வேண்டும். அந்த அதிகாரி நம் ஆள், அவர் தடுத்துப் பார்த்திருப்பார். எங்கள் ஜனங்களுக்கு என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் மட்டும் ஆள் மாறிவிடுவார்கள். முதலாளிக்கு அது தெரியவில்லை. கழட்டிக்கொண்டு போகச் சொன்னாளா, போய்க் கழட்டிவிட்டு வா என்று திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு லோரியை அனுப்பிவிட்டார்.

காலை ஷிஃப்டை முடித்துவிட்டு வந்து அக்கா அப்போதுதான் சமையலறைக்குள் நுழைந்திருந்தார். வெளியே வந்து, லோரியில் வந்த இரண்டு பேரையும் பார்த்து, "போலே, போலே, தாராளமா கழட்டுங்க" என்றார். ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். ஒவ்வொரு டயராக இறங்கியது. பஸ்ஸுக்கு அடியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். முப்பத்தாறு வீட்டிலிருந்தும் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். மூன்றாவது டயர் இறங்கும்போது எதிர்வீட்டு அம்மா, ஞாயிற்றுக்கிழமை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், உள்ளே போனார்.

வரும்போது கையில் ரைஸ் குக்கர். உள்ளே சோறு கொதித்துக்கொண்டிருந்ததாம். ஒரு பேசினில் கொட்டிவிட்டு, பானையைத் துணியால் துடைத்துக்கொண்டு வந்திருந்தார். லோரியில் வைத்தார். "இதையும் உங்க மொதலாளிகிட்ட குடுத்துரு. நாளைக்கு அரிசி வேகும்போது வந்து கேட்டான்னா நான் சோத்துக்கு எங்க போவேன்?"

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. குக்கர்கள் வந்தன. விசிறிகள் வந்தன. ஒருவர் வெறும் கூடையைக் கொண்டுவந்து, பிஸ்கட்டைத் தின்றாகிவிட்டது, கூடை மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லி வைத்தார். லோரிக்காரர்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். தலைவர் வீட்டுக் கதவு திறந்தது. தலைவரின் மனைவியும் மருமகளும் ஆளுக்கு ஒரு பக்கமாக அந்த டிவியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே தலைவர் கைலியோடு, "ஏய், ஏய், வயரு, வயரு!" என்று கத்திக்கொண்டு வந்தார். அந்த அம்மா திரும்பியே பார்க்கவில்லை.

நான் வீட்டுக்குள் போய் ஒலிபெருக்கி செட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அடுத்த வாரம் இரண்டு கல்யாணம் ஒத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வந்து கதவை அகலத் திறந்து வைத்தாள். சக்கரம் இருந்ததால் தள்ளிக்கொண்டு போவது சுலபமாகத்தான் இருந்தது. லோரியில் ஏற்றும்போது எனக்குக் கண் கலங்கியது. பெருமையாகவும் இருந்தது.

லோரி போன பிறகு, பஸ்ஸின் படிக்கட்டில் உட்கார்ந்து மலாயில் ஒரு கடிதம் எழுதினேன். எங்களுக்கு ஆட்சேபம் உண்டு, சங்கத்தின் பெயரில் வரும் வேறு கடிதம் எங்களுடையது அல்ல, கீழே கையெழுத்திட்டிருப்பவர்கள் இந்த வீடுகளில் குடியிருப்பவர்கள். முதல் கையெழுத்து அக்காவுடையது. முப்பத்தைந்து வீட்டிலிருந்தும் வந்து போட்டார்கள். தலைவர் போடவில்லை, அவர் மனைவி போட்டார். மறுநாள் நானே மோட்டோவில் கொண்டுபோய் நில அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்தேன். கம்பெனி இன்னும் மலைக்கு இந்தப் பக்கம் வரவில்லை. வரப் பார்க்கிறார்கள். பழைய ஒய்.பி. போய்ப் புது ஒய்.பி. வந்துவிட்டார், ஏறி வருகிற காடி மாறவில்லை. வரட்டும். நாங்களும் இங்கேதான் இருக்கிறோம்.

அக்காதான் இல்லை. வீட்டுக்கு வீடு பணம் போட்டு டயர் வாங்கித் தருகிறோம் என்றோம். "அப்புறம் முப்பத்தஞ்சு வீட்டுக்கு நன்றி சொல்லணும், தொண்ட தாங்காது லா" என்று சிரித்துவிட்டார். அவராகப் புரட்டி வாங்குவதற்குள் சோதனைத் தேதி போய்விட்டது, தொழிற்சாலை வேறு பஸ்ஸை எடுத்துக்கொண்டது. கிள்ளானில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். அங்கே பள்ளி வேன் ஓட்டுகிறாராம். அந்த வேனில் ஏறும் பிள்ளைகளின் பெற்றோரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்தத் திங்கட்கிழமை, கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள் வந்து கட்டையில் நிற்கும் பஸ்ஸைச் சுற்றி நின்றிருந்தார்கள். அக்கா, பெரிய ரோட்டுக்கு நடந்துபோய் வாடகைக்கு வேன் பிடிக்கலாம் என்று அவர்களைக் கிளப்பிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. செட்டையும் இழந்தேன், தலைவரையும் பகைத்துக்கொண்டேன். டயர் கொடுத்தவனுக்கெல்லாம் நன்றி சொன்னாரே, எனக்கு ஒரு வார்த்தை கிடையாதா?

"எனக்கு நன்றி இல்லையா அக்கா?"

அக்கா நின்று, நான் ஏதோ புரியாத பாஷை பேசினதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் வீட்டுக்கு நீ கையெழுத்துப் போட்டிருக்க. அதுக்கு நான் எதுக்குலா நன்றி சொல்லணும்?"

சொல்லிவிட்டு, அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.